பயணக் கேள்விகள்: அண்ணாவின் வானா, தங்கையின் விமானமா?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், பல வீடுகளில் ஒரே சண்டை நடக்கிறது என்று தெரிகிறது. சூழலைக் கெடுக்காமல் பயணம் போகிறவர்கள் யார்? இருபது வயதுக்காரரா, முப்பதைத் தாண்டியவரா, இல்லை வீட்டிலிருக்கும் அம்மம்மாவா? கொழும்பு, காலி வீதியில் விமான டிக்கெட் போடும் மேசையில் நீண்ட காலம் இருந்தவள் நான். மூன்று தலைமுறையும் என் முன்னால் உட்கார்ந்து திகதி சொல்லியிருக்கிறது. அதனால் முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

*

கேள்வி: எனக்கு 23 வயது. எங்கே போனாலும் சொந்தத் தண்ணீர்ப் போத்தல், துணிப்பை, மூங்கில் ஸ்ட்ரோ கொண்டுபோவேன். அண்ணாவுக்கு 36. பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தோடு வான் பிடித்து யாழ்ப்பாணம் போவார். வழி முழுக்க ஏசி, ஒரு பெட்டி பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். கேட்டால், “நீ சிநேகிதிகளோட பாங்கொக் பறந்துபோட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதே” என்கிறார். எங்களில் யார் சரி?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம், கோபப்படாமல் பாருங்கள்.

ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர், போய்வர 800. வான் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்தால் 80 லீற்றர், அதாவது 216 கிலோ. உள்ளே எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு 27 கிலோ. கொழும்பிலிருந்து பாங்கொக் போய்வர ஏறக்குறைய 4,800 கிலோமீற்றர். நிரம்பிய விமானம், இகொனமி இருக்கை, கிலோமீற்றருக்கு 85 கிராம் என்று குறைவாகப் போட்டாலும் ஆளுக்கு 400 கிலோவைத் தாண்டும். உயரத்தில் விமானம் விட்டுச் செல்லும் வெண்புகைக் கோடுகளும் பூமியைச் சூடாக்குகின்றன. அதை இதில் சேர்க்கவே இல்லை. உங்கள் ஒரு பாங்கொக் பயணத்துக்கு, அண்ணாவின் வானில் ஒருவர் பதினைந்து தடவை யாழ்ப்பாணம் போய்வரலாம்.

அதற்காக அண்ணா நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். அதே பயணத்தை அவர் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காரில் தனியாகப் போனால் 150 கிலோ அவர் ஒருவர் தலையில்தான் விழும். வானை எட்டுப் பேர் நிரப்புவதால்தான் கணக்கு அவர் பக்கம் நிற்கிறது. வெள்ளவத்தையில் இருந்து இரவில் புறப்படும் பஸ்ஸில் 45 பேர் போனால், லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர்தான் ஓடும் என்று வைத்துக்கொண்டாலும், ஆளுக்கு 14 கிலோ. வானில் பாதி.

உங்கள் ஸ்ட்ரோ இந்தத் தராசில் ஏறாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரோவின் எடை ஒரு கிராம்கூட வராது. ஆனால் அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அது கடலுக்கான கணக்கு, காற்றுக்கான கணக்கு அல்ல. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதால்தான் உங்கள் வீட்டில் சண்டை தீராமல் இருக்கிறது.

சரி, ஏன் நீங்கள் போத்தலைப் பார்க்கிறீர்கள், அண்ணா பார்ப்பதில்லை? என் மேசையில் வருடக்கணக்காகக் கவனித்ததைச் சொல்கிறேன். இருபது வயதுக்காரர்கள் வந்தால் “செக்-இன் பேக் இல்லாமல் எவ்வளவு?” என்று கேட்பார்கள். தோளில் ஒரு பை போதும், ஆனால் நாலு நாள், அப்புறம் மூன்று மாதத்தில் இன்னொரு நாடு. முப்பதைத் தாண்டியவர்கள் பள்ளி விடுமுறைத் திகதியோடு வருவார்கள். பிள்ளைகளுக்கு ஜன்னல் இருக்கை கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. வயதானவர்கள் கோயில் பட்டியலோடு வருவார்கள். ஒரு தடவைதான் போவார்கள், போனால் ஒரு மாதம் நிற்பார்கள்.

இதெல்லாம் குணம் அல்ல, பட்ட அனுபவம். உங்கள் அண்ணா பிறந்த காலத்தில், 1990இல், யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அது 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்குள் வந்தது. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, போர் முடிந்த 2009இல்தான் மறுபடி திறந்தது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கு அலைந்து, திருகோணமலை வரை போய்க் கப்பலேறி, சொந்த ஊர் பார்த்த குடும்பங்கள் எத்தனை! அந்த வீடுகளில் வளர்ந்தவருக்கு, நினைத்தவுடன் வானில் ஏறி மறுநாள் காலை பிள்ளைகளை நல்லூர் வீதியில் நடக்கவிடுவது வெறும் சுற்றுலா இல்லை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்கள் விவரம் தெரிந்து வளர்ந்த காலத்தில் வேறொன்று நடந்தது. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்தது. அதிலிருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளில் பெரும்பகுதி கடலில் கொட்டியது. நீர்கொழும்புப் பக்கக் கரையில் மணலுக்கு மேல் சவ்வரிசி போல வெள்ளையாகக் குவிந்து கிடந்ததை நானே கையில் அள்ளிப் பார்த்தேன். கீழே மணல் தெரியவில்லை. அடுத்த வருடம் பெற்றோல் வரிசை. 17, 18 வயதில் இவற்றைப் பார்த்த பிள்ளைக்குப் பிளாஸ்டிக் கண்ணில் குத்தத்தான் செய்யும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். விமானம் ஏறவே கூடாது என்று சொல்லமாட்டேன். சுவீடனில் பறப்பதற்கு வெட்கப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரவு ரயிலேறி அடுத்த நாட்டில் இறங்க வழி இருக்கிறது. நாங்கள் தீவுக்காரர், எங்களுக்கு அந்த வழி இல்லை. ஆனால் வருடத்தில் மூன்று தரம் நாலு நாள் என்பதை, இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மூன்று கிழமை என்று மாற்றலாம். இது உங்கள் பையில் இருக்கும் எல்லாப் பொருளையும் விடப் பெரிய மாற்றம். 2018இல் உலக மக்களில் சுமார் 11 வீதத்தினர் மட்டுமே விமானத்தில் ஏறினார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் பறக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, உண்மை அப்படியில்லை.

அண்ணாவிடமும் ஒன்று சொல்லுங்கள். வானில் 20 லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றை வைத்து, ஆளுக்கொரு போத்தல் கொடுத்தால் அந்தப் பெட்டி தேவைப்படாது. அதை நீங்களே வாங்கிக் கொடுங்கள், பேச்சை விட அது நல்லது.

*

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. 2022இல் பெற்றோல் இல்லாத நேரம் சைக்கிள் வாங்கியவன் இன்னும் விடவில்லை. கம்பஸுக்கும் அதில்தான் போகிறான். மூத்தவன் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறான். காலி வீதியில் பஸ்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. எப்படி நிறுத்துவது?
— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அந்த யூலை மாதம் ஞாபகம் இருக்கிறதா? எரிபொருளைப் பங்கிட்டுத் தர கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. கொழும்பு முழுக்கச் சைக்கிள் ஏறியது, கடைகளில் விலை எங்கோ போனது. பெற்றோல் திரும்பி வந்ததும் பெரும்பாலான சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டன. உங்கள் மகன் அதை விடாமல் பிடித்திருக்கிறான். கட்டாயத்தில் தொடங்கிய பழக்கத்தைக் கட்டாயம் போன பிறகும் வைத்திருப்பது இலேசான காரியமில்லை, பெருமைப்படுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. காலி வீதியில் சைக்கிளுக்கு என்று இடம் இல்லை. தரிப்பிடத்துக்காகத் தனியார் பஸ் இடது பக்கம் வெட்டும்போது, ஓரமாகப் போகிறவன்தான் நசுங்குவான். அதனால் வழியை மாற்றச் சொல்லுங்கள். கொள்ளுப்பிட்டிக்குத் தெற்கே போகவேண்டுமென்றால் காலி வீதியை விட்டு, கடலோரம் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓடும் மரைன் டிரைவில் இறங்கட்டும். பஸ் தொல்லை அங்கே வெகு குறைவு. ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, இருட்டினால் வெளிர் நிறச் சட்டை. நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் இடது பக்க இடைவெளிக்குள் ஒருபோதும் நுழையக் கூடாது என்று சத்தியம் வாங்குங்கள். மழை நாளில் கரையோர ரயில் இருக்கிறது.

மூத்தவரின் மோட்டார் சைக்கிள் காசை ஹெல்மெட்டுக்கும் விளக்குக்கும் கேட்டு வாங்குங்கள், மிச்சமும் வரும்.

*

கேள்வி: எல்ல, சிகிரியாப் பக்கம் ஹோட்டல் தேடினால் ஒவ்வொன்றும் தன்னை ‘ஈகோ’ என்கிறது. நம்பலாமா?
— வாசகர், 31 வயது, தெகிவளை

பதில்: பெயரில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள் தம்பி. உலக அளவில் நிலைபேறான சுற்றுலாவுக்கு அளவுகோல் வைக்கும் ஜிஎஸ்டிசி என்ற சபை இருக்கிறது. அது நேரடியாக ஹோட்டல்களுக்குச் சான்று கொடுப்பதில்லை, சான்று கொடுக்கும் நிறுவனங்களைத்தான் அங்கீகரிக்கிறது. ஒரு ஹோட்டல் சான்றிதழ் காட்டினால், கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். காட்டவில்லை என்றால் போன் எடுத்துக் கேளுங்கள்: குடிதண்ணீரைப் போத்தலில் தருகிறீர்களா, நிரப்பிக்கொள்ள வசதி உண்டா? குப்பை எங்கே போகிறது? வேலை செய்பவர்கள் அந்த ஊர்க்காரரா? குப்பைக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் வந்தால் மீதியும் அநேகமாகச் சரியாக இருக்கும். அப்புறம், அந்த இடத்துக்கு நீங்கள் ஒற்றை ஆளாகக் காரில் போனால் அவர்கள் மிச்சம் பிடித்ததை நீங்கள் வழியிலேயே செலவழித்துவிடுவீர்கள்.

*

கேள்வி: எனக்கு 74 வயது. கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமப் பாதயாத்திரை பல வருடம் நடந்தவன். இந்த முறை பேரப்பிள்ளைகள் இருவர் உகந்தையில் இருந்து கூட வருகிறோம் என்கிறார்கள். ஆனால் குப்பை பற்றி எனக்கே வகுப்பு எடுக்கிறார்கள். முருகனிடம் நடந்து போகிறவனை விடவா இவர்களுக்கு இயற்கை தெரியும்?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, உங்களுக்கு என் வணக்கம். செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, குமண தாண்டி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால வழியாக மாணிக்க கங்கைக்குப் போகிற அந்தப் பாதையைப் போல மண்ணுக்குப் பாரமில்லாத நீண்ட பயணம் இந்த நாட்டில் வேறில்லை. எரிபொருள் இல்லை, ஹோட்டல் இல்லை, வழியில் கிடைக்கும் அன்னதானம். இன்றைக்கு வெளிநாடுகளில் மெதுவான பயணம் என்று காசு வாங்கிக்கொண்டு கற்பிப்பதை உங்கள் தலைமுறை நேர்த்தியாகச் செய்துகொண்டிருந்தது.

ஆனாலும் பேரப்பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் நடக்கத் தொடங்கிய காலத்தில் கட்டுச்சோறு வாழையிலையில் இருந்திருக்கும், தண்ணீர் செம்பில் இருந்திருக்கும். கீழே போட்டால் மண்ணாகிவிடும். அதனால் போடுகிற பழக்கத்தில் தவறு இருக்கவில்லை. இன்றைக்கு அதே கை குளுக்கோஸ் பைக்கற்றையும் பிஸ்கற் உறையையும் தண்ணீர்ப் போத்தலையும் போடுகிறது. காட்டில் யானையும் மானும் சாப்பாட்டு வாசனைக்கு அந்த உறையையும் சேர்த்து விழுங்கும். சோறு கட்டும் பிளாஸ்டிக் தாளான லஞ்ச் ஷீட்டை அரசாங்கம் 2017 செப்டம்பரில் தடை செய்தது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு வரை தடை வந்தது. காட்டுக்குள் அதைப் பார்க்கப் பொலிஸ் வராது, நாங்களாகப் பார்த்தால்தான் உண்டு.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஆளுக்கொரு வெற்று உரப்பை முதுகில் கட்டி, உங்கள் கூட்டத்தின் குப்பையை எடுத்துக்கொண்டு கதிர்காமத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். போன் சார்ஜ் பண்ண வழியில்லையே என்று முதல் நாள் முகம் வாடும். அப்போது கோபிக்காமல் அடுத்த தண்ணீர் எங்கே கிடைக்கும், ஆறு எந்த இடத்தில் ஆழம் என்று சொல்லிக்கொடுங்கள். அது எந்தப் போனிலும் கிடைக்காது.

*

கேள்வி: ரயிலில் போங்கள் என்று எழுதுகிறீர்கள். ஒன்லைனில் ஆசனம் திறந்த சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே?
— வாசகி, 27 வயது, மருதானை

பதில்: உண்மை, எனக்கும் இது மனவருத்தம் தருகிற விஷயம். பயணத்துக்கு 30 நாள் முன்பே பதிவு திறக்கும். நீண்ட வார இறுதி என்றால் அன்றைக்கே முடிந்துவிடும். போயா விடுமுறையை விட்டு, கிழமை நாளில் போக முடிந்தால் போங்கள். பதிவு இல்லாத மூன்றாம் வகுப்பை ஒதுக்காதீர்கள். கொழும்புக் கோட்டை நிலையத்தில் வண்டி புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே மேடையில் நின்றால் அநேகமாக இடம் பிடிக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மேலே சொன்ன இரவு பஸ்.

*

கேள்வி: என் அம்மம்மாவுக்கு 79. சிதம்பரத்துக்கு நேர்த்தி இருக்கிறது, நான்தான் கூட்டிப் போகவேண்டும். “அந்தக் காலத்தில நாங்கள் கோட்டையில ஏறினால் மெட்ராசிலதான் இறங்குவம்” என்கிறார். இப்போது காங்கேசன்துறையில் இருந்து கப்பல் இருக்கிறதே, விமானத்தை விட அது சூழலுக்கு நல்லது என்று சிநேகிதி சொல்கிறாள். கப்பலில் போகலாமா?
— வாசகி, 29 வயது, கொள்ளுப்பிட்டி

பதில்: அம்மம்மா சொல்வது போட் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய வழி. கோட்டையில் ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில். ஒரே டிக்கெட்டில் எல்லாம் முடிந்துவிடும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடி, எண்பதுகளில் போரோடு அதுவும் நின்றது. அப்படிப் பயணம் போனவர்களிடம் கேட்டால், வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரைக்கும் சொல்வார்கள். விமானத்தில் போனவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

காங்கேசன்துறை – நாகப்பட்டினம் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. கடக்க ஏறக்குறைய நாலு மணித்தியாலம். காபன் கணக்கில் இது விமானத்தை விடக் கட்டாயம் நல்லது என்று நான் எழுதமாட்டேன். வேகமாக ஓடும் பயணிகள் கப்பல் எரிபொருளை நிறையக் குடிக்கும், பாதி ஆட்களோடு ஓடினால் ஆளுக்கு விழுகிற பங்கு இன்னும் கூடும். சூழலுக்காக மட்டும் என்றால் உங்கள் சிநேகிதியின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் பயணத்துக்கு வேறொரு காரணம் இருக்கிறது. சென்னைக்குப் பறந்தால் அங்கிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல் திரும்பத் தெற்கே வரவேண்டும். நாகப்பட்டினத்தில் இறங்கினால் காரைக்கால், தரங்கம்பாடி, சீர்காழி என்று அதில் பாதித் தூரத்துக்கும் குறைவு. வழியில் வைத்தீஸ்வரன் கோயிலும் வரும், அம்மம்மா சும்மா தாண்டிப் போகவிடமாட்டார். யாழ்ப்பாணத்தில் ஓரிரு நாள் உறவினர் வீட்டில் தங்கி, களைப்பாறிக் கப்பலேறுங்கள். ஒரே மூச்சில் கொழும்பிலிருந்து போவது 79 வயதுக்குச் சரிவராது.

மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்துவார்கள். அதனால் பருவமழைக்கு முன்பே திகதி பாருங்கள், டிக்கெட் போட முன் கப்பல் ஓடுகிறதா என்று போன் பண்ணி உறுதிசெய்யுங்கள். பொதி எவ்வளவு அனுமதி என்பதையும் அப்போதே கேளுங்கள், திரும்பும்போது அம்மம்மாவின் பை கூடத்தான் செய்யும். வாந்தி மருந்தை ஏறுவதற்கு முன்பே கொடுக்கவேண்டும், ஏறிய பிறகு கொடுத்தால் அவ்வளவாக வேலை செய்யாது. அவருக்கு இரத்த அழுத்தம், சீனி வருத்தம் இருந்தால் எந்த மாத்திரை என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலில் நடுப்பகுதியில், கழிவறைக்குப் பக்கமாக இருக்கை கேளுங்கள்.